குணமாகிவிட்டது என்று சொல்

விடுதி,
ஜூன் 3

அன்புள்ள என்று ஆரம்பித்தால் உனக்கே சிரிப்பு வரும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பாப்பாவை உன் வாசலில் விட்டுவிட்டு, உள்ளே வராமல், ரயிலைச் சாக்குச் சொல்லி ஓடிவந்தது உனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கும். பட்டால் படட்டும். உன் அண்ணன் போனதிலிருந்து அந்தப் படியை மிதிப்பதில்லை என்று இருந்தவள் நான். இந்தப் பயிற்சியை முடித்தால்தான் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு அடுத்த படி. விடுதியில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். நாத்தனாரை விட்டால் எனக்கு ஆள் இல்லை. இதை எழுத எனக்கு எவ்வளவு கசக்கிறதோ, படிக்க உனக்கு அவ்வளவு இனிக்கும்.

போனில் பேசலாம்தான். உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் நீளும், உனக்கு என்னைவிட நீளும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாப்பாவிடம் மட்டும் பேசிக்கொள்கிறேன். நம் பேச்சு எழுத்தோடு இருக்கட்டும்.

முக்கியமான ஒன்று, அவளை வைத்துக்கொண்டு நேரில் சொல்ல முடியவில்லை. பாப்பாவுக்குச் சர்க்கரை வியாதி ஆரம்பம். அப்பாவுக்கு வந்ததேதான். இப்போதைக்கு மருந்து வேண்டாம், வாயைக் கட்டினால் போதும். அவளுக்குத் தெரியும். உன் வீட்டிலிருந்தும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போவாள், அங்கேயும் சொல்லிவைத்திருக்கிறேன். கேக், கிரீம் பன், பிஸ்கட், மிட்டாய், பாட்டில் ஜூஸ் எதுவும் அவள் கண்ணில்கூடப் படக் கூடாது. பேக்கரி நடத்துகிறவளிடம் இதைச் சொல்வது மீனிடம் தண்ணீரில் நனையாதே என்பது போலத்தான். ஆனாலும் சொல்கிறேன். கடைக்கு மேலேதானே வீடு, அவளை மாடியிலேயே வைத்துக்கொள். காலையில் முட்டை, மதியம் காய்கறி நிறைய, சாயங்காலம் ஒரு பழம்.

அவளாக எதுவும் கேட்கமாட்டாள், நல்ல பிள்ளை. கேட்காமலே கொடுக்கிற கைகளை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

அண்ணி


கடை,
ஜூன் 12

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கல்லாவில் நின்றுகொண்டே பிரித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணனைத் தின்றது போதாதா அந்த வியாதிக்கு? பதினொரு வயதுப் பிள்ளையிடம் அதற்கு என்ன வேலை?

உங்கள் மேல் எனக்கு ஆயிரம் கோபம் இருக்கிறது. சாவு வீட்டில் நாலு பேர் முன்னால், "இவதான் ஊட்டி ஊட்டிக் கொன்னவ" என்று என்னைப் பார்த்துக் கைநீட்டினீர்களே, அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சட்டம். வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். மனுஷன் அடுப்பறையிலிருந்து வந்தால் அவளைத் தூக்குவதற்கு முன்னால் சட்டையில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டிவிட்டுக்கொண்டு வருகிறார்.

மாடிக்குப் போகக் கடை வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு நான் என்ன செய்ய? உங்கள் மகள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டாள். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். "ஏன்டி, என் கடை அவ்வளவு நாறுதா?" என்று கேட்டேன். "இல்ல அத்தை, வாசனை உள்ள போனாலும் சர்க்கரை ஏறும்ல?" என்கிறாள்.

நேற்று ஒரு வாடிக்கைக்காரர் அவளிடம் மிட்டாயை நீட்டினார். "தேங்க்ஸ், எனக்கு வியாதி" என்றாள். பேரைக் கேட்டால் பேரைச் சொல்வோமே, அந்த மாதிரி. மிட்டாயை நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார்.

தைரியமாகப் படியுங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்கிறேன்.

நாத்தனார்


விடுதி,
ஜூலை 1

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பாப்பா, "அத்தைக்கு கேக் பெட்டி மடிச்சுக் கொடுக்கிறேன்மா, வேகமா மடிப்பேன்" என்று சொன்னாள். மாடியிலேயே வைத்துக்கொள் என்று நான் எழுதியது எந்த மொழியில் இருந்தது?

அட்டைப் பெட்டிதானே, அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்பாய். உன் அண்ணன் விஷயத்திலும் நீ எப்போதும் ‘தானே’தான் சொன்னாய். ஒரு துண்டுதானே. சின்னதுதானே. பிறந்தநாள்தானே. வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவர் உன் கடைப் பின்வாசலில் நின்று வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். நான் சட்டையைத் துவைக்கும்போது காலரில் தூள் சர்க்கரை இருக்கும். கேட்டால் சுண்ணாம்பு என்பார். முதலில் விரல் போயிற்று, பிறகு முழங்காலுக்குக் கீழே. கட்டுப் பிரித்துக் கட்டியவள் நான். நீ பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாய், நினைவிருக்கிறதா? அப்போதுதான் உனக்குப் பழம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நானே அவள் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பேன். அங்கே வேண்டாம், உனக்குக் கை வராது. பெட்டி மடிக்கிற வேலையை மட்டும் நிறுத்து.

அண்ணி


கடை,
ஜூலை 19

அண்ணி,

எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய ஆர்டர். கடை முழுக்கப் பெட்டி. அவளை மாடியில்தான் விட்டிருந்தேன். பெட்டிகளை எண்ணும்போது ஒரு கிரீம் பன் குறைந்தது. வீட்டுக்காரர் வேறு ஒன்றை வைத்து மூடிவிட்டார், நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிடக் கூப்பிட மாடிக்குப் போனால் ஆளைக் காணோம். குளியலறையில் இல்லை, மொட்டைமாடியில் இல்லை, தெருவில் இல்லை. கடைசியில் சரக்கறையில், மாவு மூட்டைகளுக்குப் பின்னால், பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயோரம் கிரீம். ஷூவையும் சாக்ஸையும் கழற்றி வைத்துவிட்டு இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் திட்டவில்லை. தூக்கப் போனேன். என்னைப் பார்த்து என்ன கேட்டாள் தெரியுமா? "அத்தை, எந்தக் காலை முதல்ல எடுப்பாங்க?"

நீங்கள் கட்டுப் பிரித்துக் கட்டியதைப் பற்றி எழுதினீர்களே, அப்போது அறைக்குள் யார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்தீர்களா?

அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு எதிர் கிளினிக்குக்கு ஓடினேன். டாக்டர் எங்கள் கடை ரொட்டி சாப்பிடுகிறவர், உடனே பார்த்தார். விரலில் குத்தினார். அப்புறம் கையிலிருந்து ரத்தம் எடுத்து, மூன்று மாதத்துச் சர்க்கரையைக் காட்டுமாமே, அந்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார். மறுநாள் முடிவு வந்ததும் அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இந்தப் பொண்ணுக்கு வியாதின்னு சொன்னது யாரு? ஒண்ணுமே இல்லையே. அப்பாவுக்கு இருந்திருக்கு, அதனால ஓடியாடி விளையாடட்டும், பார்த்துச் சாப்பிடட்டும், அவ்வளவுதான்."

நீங்கள் ரத்தம் பார்க்கிறவர். தெரியாமல் சொல்லியிருக்க மாட்டீர்கள். தெரிந்தே சொல்லியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிள்ளையின் விரலில் ஊசி குத்தி, நல்ல ரத்தத்தைப் பார்த்து, கெட்ட செய்தி சொல்லியிருக்கிறீர்கள்.

அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி தூக்கத்தில் காலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறாள். வாருங்கள். வந்து நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்.


விடுதி,
ஜூலை 26

என் பிள்ளையின் உடம்பிலிருந்து ரத்தம் எடுக்க யாரைக் கேட்டாய்?

சரி, இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு வாயில்லை என்று நீ சொல்வாய். கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன், அதிலும் இதே வரிதான் முதலில் வந்தது. அதனால் இருக்கட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். அவர் போன பிறகு பாப்பாவுக்கு நல்ல சாப்பாட்டைப் பழக்க வேண்டும் என்று நின்றேன். தப்பா? நீ ஒரு நாள் ஒரு பிள்ளையோடு தெருவில் நடந்து பார். பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு பிறந்தநாள். துணி எடுக்கப் போனால் கடைக்காரர் மிட்டாய் நீட்டுகிறார். பக்கத்து வீட்டில் பிஸ்கட் டப்பா திறந்தே இருக்கிறது. ‘வேண்டாம்’ என்றால், ‘ஒண்ணே ஒண்ணுதானே, பாவம் பிள்ளை ஏங்கிப் போயிரும்’ என்று என்னைப் பேயைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். அவளும் எல்லாருக்கும் முன்னால் அழுவாள். வீட்டுக்கு வந்தால் பை ஓரத்தில் காகிதம் சுருட்டிக் கிடக்கும். காலரில் தூளைத் தேடிய அதே கையால் நான் பிள்ளையின் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வகுப்பு டீச்சரிடம், "அவளுக்குச் சர்க்கரை இருக்கு டீச்சர்" என்று வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான். ஊரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. எத்தனை வருஷமாகக் கெஞ்சியும் நடக்காதது ஒரு வார்த்தையில் நடந்தது. பாப்பா பக்கத்தில் நின்று கேட்டாள். வீட்டுக்கு வந்து, "எனக்கு இருக்காம்மா?" என்றாள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அவள் கேட்காமலே கீரையைச் சாப்பிட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

இதற்காக நீ என்னை ராட்சசி என்பாய். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சுலபம். ஒரு பிள்ளையைப் பெற்று வளர்த்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது வந்தால் தேர்வு போய்விடும். நான் ஒன்று சொல்கிறேன், கேள். அவளிடம் குணமாகிவிட்டது என்று சொல். நல்லபடியாகச் சாப்பிட்டதால் குணமாகிவிட்டது, டாக்டர் சொன்னார் என்று சொல். அவளுக்குப் பயமும் போகும், என் மேல் வைத்த நம்பிக்கையும் போகாது. இந்த ஒரு உதவியைச் செய். இனி உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

அண்ணி


கடை,
ஆகஸ்ட் 4

பிள்ளை பெறாதவள் எழுதுகிறேன்.

அந்த வரியை வீட்டுக்காரரும் படித்துவிட்டார். அன்றைக்கு அடுப்பில் ஒரு தட்டு கருகியது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எதையும் கருக விட்டதில்லை.

நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டேன். உங்களுக்காக இல்லை. அவள் காலைத் தடவுவதைப் பார்க்க முடியவில்லை. "உனக்குக் குணமாயிருச்சுடி, டாக்டர் சொல்லிட்டார்" என்றேன்.

குதிப்பாள் என்று நினைத்தேன். பாதத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "இது குணமாகுமா அத்தை? அப்படின்னா அப்பாவுக்கு ஏன் குணமாகலை? அம்மா அப்பாவுக்குச் சரியாப் பார்க்கலையா?"

நீங்கள் சொல்லிக்கொடுத்த பொய்யில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.


விடுதி,
ஆகஸ்ட் 10

இரண்டு ஞாயிற்றுக்கிழமையாகப் போனை எடுத்து, "அவ வரமாட்டேங்கிறா" என்று உன் வீட்டுக்காரர் சொல்கிறார். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. நிஜமாகவே அவள்தான் வரமாட்டேன் என்கிறாள் என்று குரலிலேயே தெரிகிறது.

போன கடிதத்தில் எழுதிய அந்த வரியைப் பற்றி நான் என்ன சொன்னாலும் ஒட்டாது. எழுதியது எழுதியதுதான். நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள், நான் விரலில் நரம்பில்லாமல் எழுதிவிட்டேன்.

நான் அவருக்குச் சரியாகப் பார்க்கவில்லை என்று அவள் நினைக்கிறாளா? நானா? ஊரில் யார் வேண்டுமானாலும் நினைக்கட்டும், அவள் நினைக்கலாமா? அவர் சாப்பிட்ட ஒவ்வொரு வாயையும் எண்ணிக்கொண்டு படுத்தவள் நான்.

அப்பாவுடையது வேறு வகை, அது குணமாகாது, உனக்கு வந்தது லேசானது, அதுதான் குணமாகிவிட்டது என்று சொல்லிவிடு. இதில் பாதி உண்மையும் இருக்கிறது. தயவு செய்து சொல். தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் எழுத்து எதுவும் தலைக்குள் போகவில்லை.

அண்ணி


கடை,
ஆகஸ்ட் 23

அண்ணிக்கு,

மாட்டேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று, அதற்கு மூன்றாவது ஒன்று. நான் ரொட்டி சுடுகிறவள், கதை கட்டுகிறவள் இல்லை.

நான் மாட்டேன் என்றது இருக்கட்டும், அதற்கு இனி வேலையும் இல்லை. போன வாரம் அவளே கிளினிக்குக்குப் போய்விட்டாள். என்னிடம் சொல்லவில்லை. ரோட்டைக் கடந்து, நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்ட நர்ஸிடம், "நான்தான் பேஷண்ட்" என்று சொல்லியிருக்கிறாள். தன் முறை வந்ததும் உள்ளே போய், "எனக்கு எப்படி குணமாச்சு? எங்கப்பாவுக்கு ஏன் ஆகலை?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மனுஷன் என்ன செய்வார்? உனக்கு வந்ததே இல்லையம்மா என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு வந்தது குணமாகிற வியாதி இல்லை, யார் மேலும் தப்பில்லை என்பதையும் பொறுமையாகச் சொன்னாராம். அந்த வகையில் உங்களுக்கும் எனக்கும் சேர்த்து அவர் ஒரு பாரத்தை இறக்கிவைத்தார். அவள் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

திரும்பி வந்தவள் மூக்கைப் பிடிக்கவில்லை. நேராகக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் வந்து நின்றாள். "அத்தை, இது கொடுங்க. இது. அதுவும்" என்று கைகாட்டினாள். கொடுத்தேன். நின்றுகொண்டே தின்றாள். ருசி பார்த்துத் தின்பது போல இல்லை, யாரையோ அடிப்பது போலத் தின்றாள். வாடிக்கைக்காரர்கள் பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்லவா? உங்கள் மகள் என் கையால் வாங்கித் தின்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அண்ணனுக்கு ஒளித்து ஒளித்துக் கொடுத்ததை அவளுக்கு வெளிச்சத்தில் கொடுத்தேன். சாயங்காலம் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். தலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குப் புத்தி வந்தது.

இப்போது அலமாரி பக்கம் அதிகம் போவதில்லை. நேற்றுப் பெட்டி மடித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு கிரீம் பிடிக்கவே இல்லை அத்தை. ரொம்பப் பிடிக்கும்னு இவ்வளவு நாளா நெனச்சிட்டு இருந்தேன்." பன்னின் ஓரத்தைப் பிய்த்துச் சாப்பிடுகிறாள், சாண்ட்விச்சுக்கு வெட்டி வைத்த வெள்ளரிக்காயைத் திருடுகிறாள். நீங்கள் ஊட்டிய பழக்கம் போகவில்லை அண்ணி. சும்மா விட்டிருந்தாலே அந்தப் பிள்ளை சரியாகத்தான் சாப்பிட்டிருக்கும்.

உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. திட்டினால்கூடத் தேவலை.

நாத்தனார்


விடுதி,
செப்டம்பர் 15

சனிக்கிழமை நான் வந்துவிட்டுப் போனதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீயும் மரியாதைக்கு ஒன்றும் எழுதமாட்டாய். ஆனால் யாரிடம் சொல்வேன்?

தேர்வைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன் என்று உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள். ரயிலில் வழி முழுக்க ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ‘அம்மா பயத்துல பொய் சொல்லிட்டேன் பாப்பா.’ அவ்வளவுதான் வாக்கியம். சின்னது.

உன் படியை மிதிக்கமாட்டேன் என்றவள் மிதித்தேன். கல்லாவில் அவள் நின்றாள். உன் ஏப்ரனைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுச் சுருக்கிக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். முன்னால் நின்றவருக்கு என்ன குரலோ எனக்கும் அதே குரல். எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். நான் என்ன செய்தேன் பார்த்தாயா? "ஒரு ரொட்டி" என்றேன். சுற்றிக் கொடுத்தாள். சில்லறை கொடுத்தாள். நீ உள்ளேயிருந்து வந்து அவளை அதட்டியதும், அவள் மாடிக்கு ஓடியதும், நான் படிக்கட்டில் உட்கார்ந்து மூடிய கதவிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னதும் உனக்குத் தெரியும். உள்ளேயிருந்து, "பயம்னா? உங்களுக்குப் பயம்னா எனக்கு ஏன் வியாதி?" என்றாள்.

நீ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். நன்றி சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சும்மா விட்டிருந்தாலே சரியாகச் சாப்பிட்டிருப்பாள் என்று சுலபமாக எழுதிவிட்டாய். உன் அண்ணனைச் சும்மா விட்டுப் பார்த்தோமே. பிள்ளைக்கு நல்ல சாப்பாட்டைப் பழக்க வேண்டும் என்று நான் நம்பியது தப்பில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நான் செய்ததுதான் தப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு நீ கரைக்காதே.

அண்ணி


கடை,
நவம்பர் 28

அண்ணிக்கு,

பயிற்சி முடிந்து வீட்டைத் திறந்துவிட்டீர்கள் என்று போனில் வீட்டுக்காரரிடம் சொன்னீர்களாம். மேல் பதவி இந்தத் தடவை இல்லை என்றும் சொன்னீர்களாம். அதற்கு நான் சந்தோஷப்படவில்லை. நம்பினால் நம்புங்கள்.

அவளை அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு வருகிறோம்.

மனதில் இருந்ததை மறைக்கப் போவதில்லை. "இங்கேயே இருந்துடுடி, இங்கேயிருந்தே பள்ளிக்கூடம் போகலாம்" என்று கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை கேட்டேன். மாடி அறைக்குப் புது ஜன்னல் திரைகூட வாங்கிப் போட்டேன், வெட்கமில்லாமல். அவள் யோசித்துவிட்டு, "அம்மா தனியா இருப்பாங்க" என்றாள். உடனே, "கோபம் போயிருச்சுன்னு சொல்லலை" என்று சேர்த்துக்கொண்டாள். பெரிய மனுஷி.

சில விஷயங்களை உங்களிடம் முன்கூட்டியே சொல்லச் சொன்னாள். விரலில் குத்தக் கூடாது. பையைத் திறக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் உங்கள் வாயாலேயே உண்மையைச் சொல்ல வேண்டும். வழியில் எதையாவது வாங்கிச் சாப்பிட்டால் சாப்பிட்டேன் என்று சொல்வாளாம், நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாதாம். வீட்டில் நீங்கள் சமைப்பதைச் சாப்பிடுவாளாம். "அம்மா சமையல் நல்லாத்தான் இருக்கும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

நான் அவளை வைத்துக்கொண்டிருக்கலாம். நான் கதவைத் திறக்காவிட்டால் அவள் உங்களிடம் வர முடியாது. திறந்துதான் விடுகிறேன். இதற்காக நீங்கள் என்னிடம் நல்லபடியாக இருக்க வேண்டாம். நாம் இப்படியே இருப்போம்.

நாத்தனார்


வீடு,
ஜனவரி 20

உனக்கு,

அவள் நன்றாக இருக்கிறாள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். மிச்சத்தை அப்புறம் படிப்பாய்.

சொன்னபடியெல்லாம் நடந்தேன். வகுப்பு டீச்சரிடம் போய், மகளுக்கு வியாதி இல்லை, நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன். அந்த அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள். பையைத் தொடுவதில்லை. போன வாரம் ஒரு சாக்லேட் பாதி தின்று பாதி மேஜையில் கிடந்தது, எறும்பு வந்தது, நான் பேசாமல் சுற்றிலும் துடைத்தேன். என்ன சமைத்தாலும் சாப்பிடுகிறாள். கீரை இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அவள் சாப்பாட்டைப் பற்றி இனி நான் சொல்ல ஒன்றுமே இல்லை. சும்மா விட்டாலே சரியாகச் சாப்பிடுவாள் என்று நீ எழுதியது சரிதான். அதை எழுதிக்கொடுப்பது எனக்கு லேசாக இல்லை.

சிரிக்கிறாள், பேசுகிறாள், பள்ளிக்கூடக் கதை சொல்கிறாள். பக்கத்து வீட்டார் பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவளுக்கு நல்ல காய்ச்சல். தொட்டால் சுட்டது. ஈரத்துணி போட்டேன், கஞ்சி கொடுத்தேன், மறுப்பில்லாமல் குடித்தாள். காய்ச்சல் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாத்திரை அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எதுக்கு?" என்றாள். காய்ச்சலுக்குத்தான் பாப்பா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு மெல்ல எழுந்து செருப்பைத் தேடினாள். நெற்றியில் ஈரத்துணியின் நூல் ஒட்டியிருந்தது. எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று ஒப்பந்தம் இல்லை, கேட்க முடியவில்லை.

ஜன்னலில் நின்று பார்த்தேன். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து தெருமுனை மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரரிடம் அட்டையை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்து ஏதோ சொன்னார். திரும்பி அதே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தேன்.

"காய்ச்சலுக்குத்தானாம்" என்று எனக்குச் சொல்லிவிட்டு, தண்ணீரை வாங்கி விழுங்கினாள்.

அண்ணி